இருபத்திநாலு குளியலறைகளும் ஓர் அமாவாசையும்

1972, டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணி பத்து நிமிடம். குளியலறைகள் இருபத்திநாலு. சுடுதண்ணீர் வந்த குளியலறை... பூஜ்யம்.

குழாயைத் திறந்தால் ஐஸ் மாதிரி தண்ணீர். விரல் நுனி மரத்துப்போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நண்பர்களே, நம் பாலிடெக்னிக் செட்டின் சுற்றுக் கடிதத்தில் இந்த முறை என் பங்கு. நான் முதன்முதலில் வேலை பார்த்த அந்த மூன்று மாடி ஹோட்டலைப் போன வாரம் இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். ஏழு வருடம்கூட நிற்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருப்பூரில் அப்போது லாட்ஜுகள்தான் இருந்தன. பனியன் வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்த நேரம். எங்கள் முதலாளிக்கு ரோஷம். லாபியில் சலவைக்கல், அறைக்கு அறை டெலிபோன், பாத்டப்... எல்லாம் வைத்துக் கட்டினார். சுடுதண்ணீருக்குத் தனி பாய்லர் மட்டும் வேண்டாம் என்றார். பின்மதிலுக்கு அந்தப்பக்கம் அவருடைய துணிச் சலவைப் பட்டறை. அங்கே பாய்லர் இருக்கிறதே!

அங்கிருந்து நீராவிக் குழாய் இழுத்து, மொட்டை மாடித் தொட்டிக்குள் செம்புச் சுருள் இறக்கியது நான். வயது இருபத்தொன்று. அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர்களை வைத்துச் சுருளை வளைத்தேன். மூன்று முறை சோதனை. மூன்று முறையும் கை வைக்க முடியாத சூடு!

முதலாளி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வெள்ளக்காரரு குளிக்கறப்போ தண்ணி சுட்டுதுன்னா நீ இங்கயே இருந்துக்கலாம். இல்லாட்டிப் போனா கணியூருக்குப் பஸ் இருக்குதல்லோ?"

கணியூர் என் ஊர். திரும்பிப் போவதாக இல்லை.

முதல் விருந்தாளி ஏழரைக்கு ரயிலில் வருகிறார். குழாயில் பச்சைத் தண்ணீர். மதில் ஏறிக் குதித்து ஓடினேன். பட்டறை பூட்டிக் கிடந்தது.

அன்றைக்கு அமாவாசை. பட்டறைக்கு லீவு.

குழாய் விட்டம், வெப்ப இழப்பு, பிரஷர்... எல்லாம் என் நோட்டில் இருந்தது. காலண்டர் மட்டும் இல்லை. இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்!

பாய்லர் ஃபயர்மேன் வேலுச்சாமி பட்டறை லைன் வீட்டில் இருந்தார். வாசலில் நின்று கத்தினேன்.

"அண்ணா, பாய்லரைப் பத்த வைங்க!"

"இன்னைக்கு அமாவாசைங்க."

"தெரியும்."

"தெரிஞ்சிருந்தா நேத்தே சொல்லியிருப்பீங்களே."

"நீராவிக்கு அமாவாசை தெரியுமா?"

"அதுக்குத் தெரியாதுங்க. பத்த வெக்கற எனக்குத் தெரியுமுங்க."

என் வேலை போய்விடும் என்றேன். குரல் உடைந்தது, வெட்கமாக இருந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி சரசக்கா வாளியோடு வந்தார்.

"ஏனுங்க, வேலைக்குத்தானுங்க நெருப்பு வெக்கக் கூடாது? தலைக்கு ஊத்திக்கறதுக்கு நாம அடுப்புப் பத்த வெக்கறதில்லீங்களா?"

"அது நம்ம ஊட்டு அடுப்பு புள்ள."

"அப்ப நம்ம லைனு ஆளுக மொதல்ல குளிக்கட்டும். குளிக்கறதுக்கு வெச்ச நெருப்பாயிருமல்லோ?"

வேலுச்சாமி என்னைப் பார்த்தார். "பதினோரு ஊட்டு ஆளும் குளிச்ச பொறகுதான் உங்க வெள்ளக்காரரு. சம்மதமுங்களா?"

சம்மதமாவது! பட்டறை வாட்ச்மேனிடம் சாவியை வாங்க நானே ஓடினேன்.

முந்தின நாள் சூடு பாய்லரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. விறகு, விறகு, இன்னும் விறகு. ஆறு மணி தாண்டியதும் கேஜ் முள் அசைந்தது. பத்து பவுண்டு... இருபது... முப்பது! குழாய் இருமியது, கொஞ்சம் துரு துப்பியது. பிறகு ஆவி!

நாற்பது பேருக்கு மேல் பின் படிக்கட்டில் ஏறினார்கள். மாடியெங்கும் வெறுங்கால் சத்தம். விருந்தாளிக்கு ஒதுக்கிய அறையைத் தவிர எல்லாக் கதவும் திறந்தாயிற்று. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான இரைச்சலை நான் கேட்டதில்லை.

சரசக்கா பாத்டப்பைச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங்க இஞ்சினீரு, இது நம்ம பட்டறைத் தொட்டியாட்டவே இருக்குது. வெள்ளக்காரரைப் போட்டு வெளுக்கறதுக்குங்களா?"

ஏழு மணி. எல்லோரும் இறங்கிவிட்டார்கள், இரண்டாம் மாடியில் ஒருவர் மட்டும் ஷவரை விடவில்லை. கதவைத் தட்டினால், "இன்னொருக்கா ஊத்திக்கறனுங்க!" ஈரத்தை நானும் வேலுச்சாமியும் பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்து இறங்கும்போது கார் வந்துவிட்டது.

விருந்தாளி குளித்துவிட்டு முகம் சிவந்து, சிரித்துக்கொண்டே வந்தார். அவர் என்னவோ சொல்ல, முதலாளி என் தோளில் அறைந்தார். "கணக்குன்னா இப்படி இருக்கோணும்!"

"ஆமாங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வேலுச்சாமி சமையல்கட்டு வாசலில் ஈரத்துணியோடு நின்றிருந்தார். கேட்டிருப்பார். என் வேலை நிரந்தரம் ஆனது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களுக்குத்தான் முதலில்.

இப்போது அந்த இடத்தில் பனியன் கம்பெனி ஷெட் வருகிறது. "ஆளு தங்கற எடத்துல மெஷினு தங்குனா லாபமுங்க" என்கிறார் முதலாளி. வெளிநாட்டுக்காரர்கள் கோயமுத்தூரில் தங்கி, பகலில் வந்து போகிறார்கள். ஏற்றுமதி அவசரத்தில் சில பட்டறைகள் அமாவாசையன்றும் ஓடுகின்றன. பத்த வைக்கிறவரிடம் யாரும் கேட்பதில்லை. அவரும் நிபந்தனை போடுவதில்லை. ஊர் வளர்கிறது, எனக்கும் அதில் குஷிதான்... ஆனாலும் இடித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இனி செய்யப்போவது:

1. அன்றைக்குத் தண்ணீர் சுட்டது யாரால் என்று முதலாளியிடம் நேரில் சொல்வேன். சிரிப்பார். சிரிக்கட்டும்.

2. வேலுச்சாமி இப்போது மங்கலத்தில், ஒரு விசைத்தறிக் கூடத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போவேன். என்ன பேசுவது என்று யோசிக்கமாட்டேன், யோசித்தால் போகமாட்டேன்.

3. புது ஷெட்டுக்குப் படம் போடும் வேலை எனக்கு வந்திருக்கிறது. தொழிலாளர் பக்கம் பத்துக் குளியலறை, சுடுதண்ணீரோடு. எதற்கு என்று கேட்பவரை மார்கழி மாதம் காலை ஐந்து மணிக்கு வரச்சொல்லி, பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவேன்.