என் பெயரில் இருந்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் எல்லாமே என் பெயரில்தான் இருந்தன. ரேஷன் கார்டு, மனைப் பட்டா, கரண்டு இணைப்பு, கேஸ் புத்தகம் எல்லாம். குடும்பத் தலைவர் என்று யாராவது ஒருவர் பெயரை எழுதியாக வேண்டும் என்பதால் எழுதினார்கள். காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மகள் பெரம்பலூரில் பி.சி.ஏ. சேர்ந்த பிறகு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதிலும் என் பெயரைத்தான் முதலில் போட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா அதுல பேரு?" என்றேன்.

"வூட்டுல பெரியவங்க பேருலதாம்ப்பா இருக்கணும். யாரு எதத் தொறக்கலாம், யாரு தொறக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னாத்தான் அது கேக்கும்."

"நான் சொல்லி இந்த வூட்டுல எது கேட்டிருக்கு?"

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது.

கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் மூன்று படங்கள் வரும். ஒன்று என் பெயர், ஒன்று மகள் பெயர், மூன்றாவது விருந்தாளிகளுக்கு. விருந்தாளி என்றால் பாட்டுக் கேட்கலாம், கேம் ஆடலாம். அதற்கு மேல் ஒன்றும் முடியாது. என் பெயருக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தாள். நான் வேலைக்குப் போகும் பஸ்ஸின் நம்பர்தான் அது. அஞ்சாங்கிளாசோடு நின்ற எனக்கு எழுத்துகளைவிட எண்கள் சுலபம் என்று அவளுக்குத் தெரியும். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றிவிட்டு வந்து, குளித்து, அதன் முன் உட்கார்ந்து சீட்டு ஆடுவேன். விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்று வெடித்திருக்கும், மவுஸ் வழுக்கும். அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் நான் என் பெயரில் உள்ளே போவேன்.

மகள் பி.சி.ஏ. முடித்து, மேல்படிப்புக்குத் திருச்சியில் ஹாஸ்டலில் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் வீட்டிலேயே இருந்தது. மனைவி தன் பழைய சேலையில் அதற்கு உறை தைத்துப் போட்டாள். லீவுக்கு வரும்போது மகள் அந்த உறையை எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். என்ன செய்கிறாள் என்று நாங்கள் கேட்டதில்லை.

அந்த வருஷம் தீபாவளி கழிந்து, மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மைத்துனர் வந்தார். மனைவியின் அண்ணன். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் அவருக்கு இருந்தன. ஃபேக்டரியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவர் மகனுக்கு என் மகள் என்று, அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்தே பேச்சு உண்டு. யாரும் அதை முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய வேண்டிய விஷயமாகவே அவர் அதை நினைக்கவில்லை.

வந்தவர் செருப்பை வாசலில் விடாமல் உள்ளே வந்தார். காப்பி வேண்டாம் என்றார். அது எங்கள் வீட்டில் அவர் செய்யாத காரியம்.

"பையன் தீபாவளிக்கு வந்தப்ப இந்தப் பொட்டியில பாட்டுக் கேட்டானாம். பாப்பா பேருல ஒரு ஃபோல்டர் இருக்காம். தொட்டா, உனக்கு அனுமதி இல்லன்னு வருதாம்."

"காலேஜு வேல ஏதாச்சும் வச்சிருக்கும் அண்ணே," என்றாள் மனைவி.

"காலேஜு வேலைக்கு எதுக்குப் பூட்டு?" அவர் என்னைப் பார்த்தார். "திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பையனோட நின்னு பேசிக்கிட்டிருந்ததா நம்ம டிரைவரு சொல்றான். ஒரு தடவ இல்ல. நம்ம ஆளும் இல்லங்கறான். போட்டோ கீட்டோ இருந்தா இதுலதான் இருக்கும். பையன் மூஞ்சி தெரிஞ்சா போதும் மாப்ள. பாப்பாவ நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவன் எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ளன்னு தெரிஞ்சா போதும்."

அப்புறம் சம்பந்தமே இல்லாததுபோல, "இந்த வருஷம் கல்லுக்குழியில தண்ணி ரொம்ப நிக்குது. அந்தப் பழைய குழி ஆழம் யாருக்குமே தெரியாது போலருக்கு," என்றார்.

கல் வெட்டி எடுத்துவிட்டு விட்டுப்போன குழிகள் எங்கள் பக்கம் நிறைய. மழைக்கு நிரம்பினால் பச்சையாக, அசையாமல் கிடக்கும். மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்துதான் இருந்தது.

அரியலூரிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒருவரை அவரே வரச் சொல்லியிருந்தார். முப்பது வயதிருக்கும். சேலை உறையை எடுத்து ஒழுங்காக மடித்து வைத்தார். கம்ப்யூட்டரைப் போட்டு, விருந்தாளி பெயரில் போய்ப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது, டங் என்று சத்தத்தோடு.

"ஆக்சஸ் டினைடு. பெரிய பிரச்சன இல்லங்க," என்றார். "பர்மிஷன் குடுக்கல, அவ்ளோதான். அட்மின் யாரோ அவங்க பேருல உள்ள போனா இந்த ஃபோல்டர நம்ம பேருக்கு மாத்திக்கலாம். பத்து நிமிஷ வேல."

"அட்மின்னா யாரு?"

"சார்தாங்க." என் பெயரைத் திரையில் காட்டினார்.

மைத்துனர் சிரித்தே விட்டார். "மாப்ளயா? ரேஷன் கடையில பேரு கூப்புட்டாலே பக்கத்துல நிக்கிறவனப் பாப்பாரு. சரி, சொல்லுங்க மாப்ள, பாஸ்வேர்டு என்ன?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டம் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒட்டிக்கொண்டது நல்லதாகப் போயிற்று என்று தோன்றிய முதல் நாள் அதுதான். அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் ஒரு பையனுக்கு முகம் வந்துவிடும். முகம் வந்தால் ஊர் வரும், வீடு வரும். அதற்குப் பிறகு என் மகள் எந்தப் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்கினாலும் அங்கே ஒரு லாரி நிற்கும்.

"மறந்துபோச்சு மச்சான்," என்றேன்.

"மறந்துபோச்சா? சாயங்காலமானா இதுல சீட்டு ஆடுறீங்கன்னு ஊரே சொல்லுது. பாஸ்வேர்டு இல்லாமயா ஆடுறீங்க?"

முந்தின நாள்கூட ஆடியிருந்தேன். பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து மனைவி புளி கோது எடுத்துக்கொண்டிருந்தாள். நான் நம்பரைத் தட்டியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அண்ணன் சொல்லுக்கு மறு சொல் சொல்லி வளர்ந்தவள் இல்லை அவள்.

"பாப்பா போனதுலேருந்து அந்த விருந்தாளி பேருலதான் அண்ணே ஆடுறாரு," என்றாள். "இவருக்கு எது ஞாபகம் இருக்கு? சோத்துக்கு உப்புப் போட்டனா இல்லையான்னு நாந்தான் சொல்லணும்."

மைத்துனர் நம்பவில்லை. தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சர்வீஸ்காரரை என் மனைவியின் பெயரைத் தட்டச் சொன்னார். மகள் பெயரை. எங்கள் குலதெய்வத்தின் பெயரை, முன்னால் அருள்மிகு சேர்த்தும் சேர்க்காமலும். ஒவ்வொன்றுக்கும் அது டங் என்றது. ஒவ்வொரு டங்குக்கும் மனைவியின் தோள் லேசாகத் தூக்கி விழுந்தது.

சர்வீஸ்காரர் மிஷினை நிறுத்தி மறுபடி போட்டு, ஏதோ ஒரு பட்டனை விடாமல் தட்டி, கறுப்புத் திரையில் வேறு வழியாகப் போய்ப் பார்த்தார். அங்கேயும் பாஸ்வேர்டு கேட்டது.

"இந்த வழிய யாரும் அடைக்க மாட்டாங்க சார். சும்மாவே தொறந்திருக்கும்," என்றார். "உங்க பொண்ணு கெட்டிக்காரப் பொண்ணு."

அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இவ்வளவு அடைக்கும்படி உள்ளே என்ன இருக்கிறது?

"பாஸ்வேர்ட ஒடைக்க சி.டி. ஒண்ணு இருக்கு. கடையில இருக்கு. நாளைக்கிக் காலையில எடுத்தாரேன்," என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மைத்துனர் கிளம்பவில்லை. "தங்கச்சி, இன்னிக்கி இங்கதான் சாப்பாடு," என்றார். கம்ப்யூட்டர் இருந்த அறையிலேயே பாய் விரிக்கச் சொன்னார். நான் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம், "என்ன மாப்ள, ஞாபகம் வந்துடுச்சா?" என்று கேட்டார். குரல் மாறாமல், சிரித்துக்கொண்டே. மதியம் குவாரியில் வெடி வைத்தார்கள். தினமும் வைப்பதுதான். அன்றைக்கு ஜன்னல் கம்பி அதிர்ந்ததும் மனைவி அடுப்படியிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. சர்வீஸ்காரர் சி.டி.யைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் என் பெயருக்கு இருந்த பாஸ்வேர்டு இல்லாமல் போயிற்று. அவர் என் பெயரில் உள்ளே போனார். அந்த ஃபோல்டரின் மேல் மவுஸை வைத்து ஏதேதோ பெட்டிகளைத் திறந்தார். உரிமையாளர் என்ற இடத்தில் மகள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டார்.

"இப்ப இது சாரோடது," என்றார்.

ஃபோல்டர் திறந்தது. உள்ளே வரிசையாக நிறைய ஃபைல்கள் இருந்தன. பெயர்கள் எல்லாம் பச்சை எழுத்தில், வெறும் எண்களாக. மைத்துனர் திரைக்கு மூக்கு இடிக்கும் அளவு குனிந்தார். சர்வீஸ்காரர் முதலாவதை அமுக்கினார்.

டங்.

அடுத்ததை அமுக்கினார். அதற்கும் அதே பெட்டி. சர்வீஸ்காரர் கன்னத்தைச் சொறிந்தார்.

"பச்சையா இருந்தா ரெண்டாவது பூட்டுங்க. மொதப் பூட்டு, யாரு பேருல இருக்குன்னு பாக்கும். அத மாத்திட்டோம். இது அந்தப் பொண்ணோட பாஸ்வேர்டோட சேந்து பூட்டினது. அவங்க பேருல உள்ள போனாத்தான் தொறக்கும்."

"அப்ப அவ பேருல போ."

"போவணும்னா அவங்க பாஸ்வேர்ட மாத்தணும்." மாற்றும் இடத்துக்குப் போனார். நீளமாக ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். "அண்ணே, இப்புடி மாத்தினா பூட்டி வச்சது மொத்தமும் போயிடலாம்னு சொல்லுது. அந்தப் பொண்ணையே ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"அவளக் கேட்டுக்கிட்டா அவ அப்பன் வூட்டுப் பொட்டியத் தொறக்கணும்? மாத்துய்யா. தாய்மாமன் நான் சொல்றேன்."

சர்வீஸ்காரர் என்னைப் பார்த்தார். மிஷின் என் பெயரில் இருந்ததால் பார்த்தார் போலிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் உள்ளே இருப்பது பிழைக்கும், ஆனால் இன்னொரு நாள் வேறு ஆள் வந்து திறப்பான். நான் தலையை ஆட்டினேன். மாற்றச் சொல்லித்தான் ஆட்டினேன்.

மாற்றினார். மகள் பெயரில் உள்ளே போனார். பச்சை எண்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போனார். எதுவும் திறக்கவில்லை. கடைசியில் மவுஸை விட்டுவிட்டு எழுந்தார்.

"இனிமே அந்தப் பொண்ணே வந்தாலும் கஷ்டம்தாங்க."

மைத்துனர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தோளில் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்லாத எடத்துக்கு ரெண்டு பூட்டு எதுக்கு மாப்ள?" என்றார். "போட்டோவப் பாத்திருந்தா ஒருத்தனோட போயிருக்கும். இப்ப அந்த டிரைவரு எவனக் காட்டினாலும் எனக்கு அவந்தான்." வாசலில் நின்று, "பொங்கலுக்குப் பாப்பா வரும்ல? வரட்டும். பேசிக்கலாம்," என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் வண்டி திரும்பும்வரை மனைவி வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, "பூத்துக்குப் போங்க," என்றாள். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் மெதுவாகச் சொன்னாள்.

எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஹாஸ்டலில் யாரோ எடுத்து, மகளைக் கூப்பிடப் போனார்கள். மூச்சு வாங்க வந்தாள்.

"என்னப்பா, நீங்க போன் பண்றீங்க? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

நடந்ததைச் சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அவளாகப் புரிந்துகொண்டாள்.

"தொறந்துட்டாங்களா?"

"இல்லம்மா. எல்லாம் போயிடுச்சாம்."

தூரத்தில் தட்டு கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க எதையாச்சும் பாத்தீங்களாப்பா?"

"பாக்கல."

"என்ன இருந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கலம்மா." கதவுக்கு வெளியே பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "பொங்கலுக்கு வராத."

"அப்பா..."

"அம்மாதான் சொல்லச் சொன்னா. பொங்கலுக்கு மட்டும் இல்ல. நாங்க கூப்புட்டாலும் வராத. மாமா கூப்புட்டாருன்னு சொன்னா வரவே வராத."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. "சரிப்பா," என்றாள்.

படிப்பை முடித்தாள். வேலைக்குப் போனாள். கல்யாணமும் நடந்தது, நாங்கள் இருவரும் போகவில்லை, போனால் எங்கள் பின்னால் வண்டி வரும் என்பதால். மாப்பிள்ளை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்தானா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ஃபேக்டரிக்கு வெளியே எங்கள் பஸ் நிற்கும் இடத்தில் மைத்துனரின் லாரி ஒன்று ரொம்ப நாள் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இறங்கி வந்து, பாப்பா சௌக்கியமா என்று மரியாதையாகக் கேட்பான். சௌக்கியம் என்பேன். எங்க இருக்குங்க என்பான். நான் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். என் மைத்துனருக்கு வயதாகிவிட்டது, ஆனால் கண் நன்றாகத் தெரிகிறது. கையில் கிடைக்கும் தாளையெல்லாம் ஒரு வரி விடாமல் படிப்பவர் அவர்.