கல்குடாவுக்கு வீடு பார்க்கப் போன கதை

வெள்ளிக்கிழமை பிற்பகல். கொழும்புக் கோட்டையில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட ரயில் வாழைச்சேனையைத் தாண்டும்போது மணி இரண்டரை. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கழன்றுவிட்டது. எதிர் இருக்கையில் இருந்த குடும்பத்தார் மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு எனக்கும் தந்தார்கள். தந்த கையோடு, தனியாக எங்கே போகிறேன், யாரைப் பார்க்க, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டுத் தீர்த்தார்கள். சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

அடுத்த நிலையம் கல்குடா. நான் பார்க்க வந்த மனிதர் சுதாகரனின் ஊர் அது. எட்டு மாதமாகக் கைபேசித் திரையில் மட்டுமே பார்த்த முகம், இஸ்திரி போட்ட சட்டையோடு நடைமேடையில் நின்றுகொண்டு கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன். ஏறி வருவார் என்று பையை நகர்த்தி இடமும் போட்டு வைத்தேன். மனிதர் அசையவில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

முதல் சந்திப்பு மட்டக்களப்பு டவுனில், நாலு பேர் நடமாடும் இடத்தில், நாலரை மணிக்கு என்று முன்பே பேசியிருந்தோம். அதற்காக அதே ஊருக்குப் போகும் ரயிலை அனுப்பிவிட்டுப் பின்னால் பஸ் பிடித்து வருவாரா ஒருவர்? வந்தார். கல்லடிப் பாலத்தடியில் வாவியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்றேன். ஏன் ஏறவில்லை என்று கேட்டதற்கு அமைதியாகச் சொன்னார்.

“நீங்க ஏறச் சொல்லல்ல. நானும் கேக்கல்ல. கேக்காம எப்பிடி ஏறுற?”

இப்படிப்பட்டவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது, கோபிக்காமல் இருக்கவும் முடியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வயது முப்பத்தாறு. சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் நானும் அம்மாவும். அப்பா இல்லை. சுதாகரன் படகு இஞ்சின் பழுது பார்க்கிறவர். கல்யாணத்துக்கு ஆள் தேடும் செயலி ஒன்றில் என் படத்தைப் பார்த்துவிட்டு, ‘உங்களுக்குப் பின்னால் தெரிகிறது என்ன பம்ப்?’ என்று எழுதியிருந்தார். கண்ணைப் பற்றியும் கூந்தலைப் பற்றியும் எழுதிய நூறு பேருக்கு நடுவில் பம்பைப் பற்றி எழுதியவருக்குத்தான் பதில் போட்டேன்.

அதன்பின் ஒழுங்கோடு பழகினோம். கேட்காமல் படம் அனுப்பக் கூடாது. பத்து மணிக்கு மேல் அழைக்கக் கூடாது. கோபத்தில் முடிவு சொல்லக் கூடாது. சாமி, சாப்பாடு, பிள்ளை, மருந்து மாத்திரை வரைக்கும் பேசினோம். என் தோழி ஒருத்தி ஜெர்மன்காரரைக் கட்டியவள். குழம்புக்கு எவ்வளவு காரம் என்பதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத்தான் கட்டினாள். எங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை என்று பெருமைப்பட்டேன். இரண்டு பேரும் தமிழ்தானே!

சனிக்கிழமை. இரவு மட்டக்களப்பில் விடுதியில் தங்கிவிட்டு, கல்குடாவுக்குப் போகக் காலை எட்டு மணிக்கு வாழைச்சேனை பஸ். முப்பது கிலோமீட்டர் சொச்சம். கட்டணம் நூற்றறுபது ரூபாய். ஓட்டுநர் போட்ட பாட்டுக்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை, அந்தச் சத்தத்துக்கு அவர்தான் எங்களுக்குத் தந்திருக்க வேண்டும். ஏறாவூர் தாண்டியதும் ஒரு பக்கம் வயல் விரிந்தது. இங்கே அதை வட்டை என்கிறார்கள். கண்ணுக்கு எட்டும் மட்டும் பச்சை. அதை ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை. இந்த ஊரில் என்னால் காலம் தள்ள முடியுமா என்று பார்க்கத்தான் வந்திருந்தேன்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: நான் வந்தது வீடு பார்க்க. கல்யாணம் ஆனால் பெண் போக வேண்டியதுதானே. அம்மாவைத் தனியே விட வேண்டும். “நீ போ, நான் பாத்துக்கறேன்” என்று அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் ஆனியில் வேலையை விடுகிறேன் என்று கம்பெனியில் வாயை விட்டிருந்தேன்.

கல்குடாவில் வீடு நன்றாகவே இருந்தது. ஓட்டு வீடு, மூன்று அறை, பின்னால் கிணறு. சுதாகரனின் தங்கை தயா வாசலுக்கே வந்து “வாங்க மச்சாள், இரிங்க” என்று கையைப் பிடித்தாள். மச்சாள் என்றால் அங்கே அண்ணி. அதற்குள்ளாகவா என்று எனக்குப் பகீரென்றது. அவள் கணவர் நாற்காலி போட்டார். சுதாகரன் மின்விசிறியைச் சுழல விடும் முன் அவரிடம் “போடட்டா?” என்று கேட்டது எனக்கு வினோதமாகப் பட்டது. இவர் வீட்டு விசிறிக்கு இவர் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

பிட்டு, நண்டுக் கறி, மீன் பொரியல் என்று இலை நிறைந்தது. நான் சமையலறையையும் கிணற்றையும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். தயாவோ என்னை அளந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எத்தனை அறை, தண்ணீர் குழாயிலா கிணற்றிலா, இஞ்சின் வேலைக்கு அங்கே ஆள் எடுப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சம்பந்தி வீட்டு விசாரணை போலும் என்று நானும் பதில் சொன்னேன். கடைசியில், “அண்ணனுக்கு மீன் இல்லாட்டி சோறு இறங்காது. உங்கட ஊர்ல கடல் இரிக்கா?” என்றாள்.

கடல் இல்லீங்க என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. மெதுவாகத் தன் அண்ணனைப் பார்த்து, “மறுகா எப்பிடி அங்க போய் இரிக்கப் போறாய்?” என்று கேட்டாள்.

கையிலிருந்த நண்டை இலையில் வைத்துவிட்டேன்.

கை கழுவிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம், ஐந்து நிமிடம். உச்சி வெயில். மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. நான் வேலையை விடப்போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இந்த வீட்டில் எனக்கு எந்த அறை என்று பார்க்கத்தான் வந்தேன் என்று கொட்டினேன். அவர் திகைத்து நின்றுவிட்டார்.

“இங்கயா? எனக்கு இங்க வீடு இல்லயே. அது தங்கச்சிட வீடு.”

அவரே கத்தாரில் ஆறு வருடம் வெயிலில் கிடந்து கட்டிய வீடு. எனக்குப் படம் படமாக அனுப்பியிருக்கிறார். தங்கைக்காகக் கட்டியதாம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். தயாவின் கணவரும் அப்படி வந்தவர்தான். இது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று இவர் நினைத்திருக்கிறார். பெண்தான் போவாள் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நான் நினைத்திருக்கிறேன். நான் வேலையை விட ஏற்பாடு செய்ய, இவர் பட்டறையில் தன் பங்கைக் கூட்டாளிக்கு விடப் பேசி வைத்திருக்கிறார். விசா எப்படி, அங்கே வேலை பார்க்க விடுவார்களா, ஒன்றும் விசாரிக்கவில்லை. எட்டு மாதம்! மருந்து மாத்திரை வரைக்கும் பேசினோமே, எங்கே குடியிருப்பது என்று ஒரு நாளாவது கேட்டோமா? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “எங்க ஊர்ல இப்படி வந்தா வீட்டோட மாப்பிள்ளைன்னு சிரிப்பாங்க. உங்க முதுகுக்குப் பின்னால பேசுவாங்க,” என்றேன்.

படகுகளைப் பார்த்தபடி நின்றவர் என் பக்கம் திரும்பினார்.

“இங்க தங்கச்சி வீட்டிலயே கிடக்கிறவனப் பாத்துத்தான் சிரிக்கிற. எனக்கு முப்பத்தெட்டு வயசு. ஊர்ச் சனம் சிரிச்சா எனக்குப் பழக்கம். நீங்க சிரிப்பீங்களா?”

சிரித்திருக்கிறேன், எங்கள் தெருவில் அப்படி வந்த ஒருவரைப் பார்த்து எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தவள்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். ஒரு சுடுசொல் இல்லை, ஒரு வற்புறுத்தல் இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. கொழும்புக்கு பஸ் காலை ஒன்பது மணிக்கு, மட்டக்களப்பு நிலையத்திலிருந்து. இந்த முறை சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்து நின்றார். தயா கொடுத்ததாகக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். விமானத்தில் விடுவார்களோ என்னவோ, வாங்கிக்கொண்டேன். சிரிக்க மாட்டேனுங்க என்றேன், ஆனால் அம்மாவிடம் பேசாமல் ஒன்றும் நிச்சயம் செய்ய முடியாது என்றும் சொன்னேன். “ஓம். அது அவங்கட வீடும்தானே. கேட்டுத்தான் வாற,” என்றார். அவர் அதைச் சொன்னபோது அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஓட்டமாவடிப் பாலம் தாண்டியதும் அம்மாவை அழைத்தேன். நான் அங்கே போகவில்லை, அவர் நம் வீட்டுக்கு வர நினைக்கிறார் என்று சொன்னேன். அம்மா உடனே, “அப்படி வர்றாருன்னா அவருக்கு என்ன குறைன்னு விசாரிச்சியா?” என்றாள். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், பெரியப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று அடுக்கிக்கொண்டே போனாள். எங்கள் வீட்டில் பேச்சு எப்போதும் இப்படித்தான். அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்று கத்த, போனை வைத்துவிட, மறுநாள் தோசையில் சமாதானம். கடல் தாண்டி இருக்கிற ஒரு மனிதரிடம் எட்டு மாதம் கேட்டுக் கேட்டுப் பேசினேன். கூடவே இருக்கிற இவளிடம் ஒரு நாள்கூட அப்படிப் பேசியதில்லை.

கத்த வந்த வாயை அடக்கிக்கொண்டேன். “அம்மா, பெரியப்பாவ விடு. நான் போயிட்டா தனியா இருக்கறதுக்கு உனக்குப் பயமா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

பஸ் புணானைக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

“இருந்துச்சு கண்ணு. நீ கேக்கவே இல்லையே,” என்றாள்.