காய்ச்சல் என்று எழுதிய கடிதம்

என் தகப்பனார் கல்குடாவில் இறந்தபோது எனக்கு வந்த சேதி, "அப்பாவுக்குக் காய்ச்சல் கடுமை, உடனே வரவும்" என்பதுதான். அதைக் கேட்டதுமே என் பெண்சாதி அழத் தொடங்கிவிட்டாள். எங்கள் பக்கத்தில் சாவை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. காய்ச்சல் என்போம், வயிற்றுவலி என்போம். கேட்டவர் வழிநெடுக மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்து சேருவார். நல்ல வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு வாவிப் பக்கம் இருந்த விமானத்தளத்தில் ஒரு வெள்ளைக்கார விமானிக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். சண்டைக்கென்று சேர்ந்த பொடியன் அல்ல அவர். அதற்குப் பல வருடம் முன்பே படையில் விமானம் ஓட்டத் தொடங்கியவர், நாற்பதை நெருங்கியவர். மற்றத் துரைமார் பின்னேரங்களில் குடித்துக் கூத்தடிக்க, இவர் நான் சமைக்கும் குசினி வாசலில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து மனைவிக்குக் கடிதம் எழுதுவார். நாள் தவறாமல் எழுத அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "சண்டையைப் பற்றி எழுதத் தடை. அதனால் உன் சமையலைப் பற்றி எழுதுகிறேன்" என்றார். இப்படியாக என் மீன் சூப் கடல் தாண்டிப் பேரெடுத்தது. ஆனால் மனிதர் அதை ஒருநாளும் முழுதாகக் குடித்ததில்லை. மிளகு கூடிவிட்டது என்று பாதியில் வைத்துவிடுவார்.

எனக்கு மகள் பிறந்தபோது அவருடைய மனைவி ஒரு சின்னச் சட்டை தைத்து அனுப்பினார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசைத் தூசி தட்டி நன்றி எழுதினேன். விலாசம் அப்படித்தான் என் கைக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

ஒரு நாள் விடியப்புறம் போன அவருடைய விமானம் திரும்பவில்லை. தளத்தில் "காணவில்லை" என்று பதிந்தார்கள். மூன்றாம் நாள் கல்குடாவில் மீன்பிடிக்கும் என் தம்பி என்னைத் தேடி வந்தான்.

"முந்தநாள் விடியப்புறம் ஒரு பிளேன் நெருப்புப் பத்தி நேரே தண்ணிக்குள்ள போயிட்டுது அண்ணன். ஒருத்தரும் வெளிய வரல்ல. பொழுது சாயுமட்டும் தோணியில சுத்திச் சுத்திப் பாத்தம்" என்றான்.

துரைமாரிடமும் போய்ச் சொன்னோம். தலையாட்டிக் கேட்டார்கள். ஆனால் "காணவில்லை" என்பதை மாற்றவில்லை.

அந்த அம்மாவுக்கு யாராவது உண்மையைச் சொல்ல வேண்டுமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. பேனாவை எடுத்தேன். இறந்துவிட்டார் என்று எழுதக் கை வரவில்லை.

"எடுத்த உடனே எழுதப்படாது" என்றாள் பெண்சாதி. "அந்த மனிசி ரெண்டு பிள்ளையோட தனிய இருக்கிறா. காய்ச்சல் கடுமை எண்டு எழுதுங்க. மறுகா மத்ததச் சொல்லுவம்."

அப்படியே எழுதினேன். துரைக்குக் காய்ச்சல் கடுமை, கடவுளை வேண்டிக்கொள்ளுங்கள் என்று. வாசித்ததும் விளங்கிக்கொள்வார் என்று நம்பினேன். மடையன். எங்கள் ஊர்க் காய்ச்சல் இங்கிலாந்தில் இருப்பவருக்கு எப்படி விளங்கும்?

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. காணவில்லை என்ற தந்தியோடு அழுதுகொண்டிருந்த வீட்டுக்கு என் கடிதம் போயிருக்கிறது. எல்லாரும் முழங்காலில் நின்று கடவுளுக்கு நன்றி சொன்னார்களாம். எந்த ஆஸ்பத்திரி, காய்ச்சல் விட்டுவிட்டதா என்று கேட்டிருந்தார். கூடவே இளைய மகள் வரைந்த ஒரு படம். கட்டிலில் தகப்பன், கழுத்துவரை போர்வை. பக்கத்தில் கோப்பையோடு கறுப்பாய் ஒரு மனிதன். அது நான். கீழே பெரிய எழுத்தில், "அப்பா சூப் முழுவதையும் குடித்தாரா?"

காணவில்லை என்பதோடு அவர்கள் மெல்ல மெல்லப் பழகியிருப்பார்கள். நான் அவரை உயிரோடு கொடுத்துவிட்டேன், இனி நானே பறிக்க வேண்டும். வெட்கத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் எழுதினேன். இந்த முறை முதல் வரியிலேயே அவர் இறந்துவிட்டார் என்று எழுதி, தம்பி கண்டதையும், நான் பொய் சொன்னதையும் எழுதி, மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பதில் வரவேயில்லை.

அந்தக் கடிதத்தின் கடைசியில் அந்தப் பிள்ளையின் கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. பாதிதான் குடித்தார், மிளகு கூடிவிட்டது என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, முழுவதையும் குடித்தார் என்று எழுதினேன்.