அமெரிக்காவுக்கும் மூன்று கிலோ வெட்டு

போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவை எடை போட்டோம். எங்கே? கொடகவெலப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில்!

காரணம் ஒரு சாவி.

வாசிகசாலை ஒரே அறைதான். ஞாயிறு பத்திரிகை வந்ததும் ஆண்கள் நாங்கள் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்வோம். பெண்களுக்கு? புதன்கிழமை வாக்கில், வெற்றிலை மடித்த தாளாகப் போய்ச் சேரும். "ஞாயித்துக்கெழம பின்னேரம் எங்களுக்கு விடுங்க" என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் எட்டுப் பேர் வந்து கேட்டார்கள். கொழுந்து நிறுக்கும் கணக்குப்பிள்ளைதான் வாசிகசாலைத் தலைவர்; அவர் சிரித்தார்.

"பேப்பர் வாசிச்சு என்ன செய்யப் போறீங்க? சரி, ஒரு விவாதம் வைப்போம். ஜெயிச்சா சாவி ஒங்க கையில. தோத்தா இந்தப் பேச்சே வரக்கூடாது."

தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'அமெரிக்காவை மிஞ்ச நாடில்லை'. ஆண்கள் பக்கம் பேசியவரும் அவரே. குறிப்பு எழுதிக் கொடுத்தவன் நான் – தோட்டத்துக் கிளாக்கர், வாசிகசாலைச் செயலாளர். பலங்கள் பதினொன்று, வரிசை எண்ணோடு. பலவீனங்கள்? ஒன்றுகூட எழுதவில்லை. எதற்கு, ஜெயிக்கப்போவது நாங்கள்தானே...

நடுவர், கொடகவெலயில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர்; எல்லோருக்கும் அவர் 'நானா'. 3.40க்குத் தொடங்கினோம். கணக்குப்பிள்ளை பொழிந்து தள்ளினார். விமானந்தாங்கிக் கப்பல், ஏவுகணை, டாலர், சந்திரன்... கூரைத் தகரம் அதிரக் கைதட்டல்.

அடுத்துப் பெண்கள் பக்கம் பரமேஸ்வரி எழுந்தார். ஒன்பது வருடமாகக் கொழுந்து எடுப்பவர். கையில் துண்டுத் தாள்கூட இல்லை.

"ஐயா சொன்னதெல்லாம் சரிங்க. ஆனா அது கூடையோட சேர்த்த எட. மடுவத்துத் தராசுல நாங்க கொழுந்து நிறுக்கப் போனா ஐயா என்ன செய்றாரு? கூடைக்கு ஒரு கிலோ வெட்டுறாரு. மழைன்னா தண்ணிக்கு ரெண்டு. வெயில் அடிச்சாலும் தண்ணிக்கு ரெண்டு!"

"அப்படிப் போடுடி!" என்றது பின்வரிசை.

"அமெரிக்காவுக்கு மட்டும் ஏன் வெட்டலைங்க? கப்பலும் ஏவுகணையும் கூடை. கழிச்சிருங்க. அந்தக் கப்பல் ஓட அடுத்த நாட்டு எண்ணெ வேணும். அது தண்ணி. காசில்லாதவன் அங்க ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்படுறான்னு ரேடியோவுல சொன்னாங்க. அதுவும் தண்ணிதான்."

கணக்குப்பிள்ளை துள்ளி எழுந்தார். "அப்ப மிச்சம் ஒண்ணுமில்லியா? அமெரிக்கா வெறுங்கூடையா?"

மடக்கிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"யாருங்க சொன்னா? நல்ல கொழுந்து நெறைய இருக்கு. படிக்கணும்னு ஆசப்பட்டா எல்லா நாட்டுப் புள்ளைகளும் அங்கதான் ஓடுது. அவன் கதவத் தொறந்து வச்சான். போனவங்க மூளையெல்லாம் இப்ப அவனுக்கு ஒழைக்குது. அவன் பலம் அதுதாங்க." வாசிகசாலைக் கதவைக் கை காட்டினார். "நாம இங்க ஒரு ரூமு கதவத் தொறக்கவே விவாதம் வைக்கிறோம்."

அறையே எழுந்து நின்றது – ஆண்களும்தான்!

நானா கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு மேல நான் என்னத்தத் தீர்ப்புச் சொல்ற? கணக்குப்பிள்ள, சாவியக் குடுங்க!"

கொடுத்தார். பரமேஸ்வரி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, எட்டுப் பேரும் லயத்து வீடுகளின் வழியெல்லாம் கூவிக்கொண்டே போனார்கள். தோற்ற பக்கத்துக்காரன் நான். ஆனாலும் கை வலிக்கத் தட்டினேன்.

நாடென்றாலும் ஆளென்றாலும் நாம் எடுத்துக்காட்டுவது கூடையைத்தான், இல்லையா? உள்ளே இருப்பதைக் கையால் அள்ளிப் பார்க்க எத்தனை பேருக்குத் தெரிகிறது?

இன்று ஞாயிறு. மணி 2.15க்கு வாசிகசாலைப் பக்கம் போனேன். மேசையைச் சுற்றி எட்டுத் தலைகள், நடுவில் பத்திரிகை.

"வாங்க கிளாக்கரய்யா, ஒக்காருங்க. பேப்பர மட்டும் கேக்காதீங்க... சீனாவ இன்னும் எட போட்டு முடிக்கல!"