வள்ளத்துக்குப் பூசும் நீலம்

டொக்டரின் வேலைக்கென்று நான் ஓட்டிய வான் வண்டி, எங்களுக்குக் கிடைக்கும்போது வெள்ளை நிறம். வெளிநாட்டுக்காரர் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது. சீற்றுகளின் பொலித்தீன் உறையைக்கூட நாங்கள் கழற்றியிருக்கவில்லை. அதில் வாகரைப் பக்கம் முதன்முதலாகப் போன காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஹோர்ன் அடித்தபடி ஊருக்குள் நுழைந்தேன். அடுப்பில் புகை வருகிறது, கொடியில் ஈரச்சேலை சொட்டுகிறது, ஆளைத்தான் காணோம். ஒரு ஆடு மட்டும் நின்று எங்களைப் பார்த்தது. ஆட்களை ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவராத வெள்ளை வான்களை அந்த ஊர் நன்றாக அறிந்திருந்தது. துயரம் ஆற்றப் போன நாங்கள் அதே நிறத்தில் போய் இறங்கியிருக்கிறோம். பின்சீற்றில் இருந்த டொக்டர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, நாம ரெண்டு பேரும் படிச்ச முட்டாளுகள்" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

அடுத்த கிழமை வாழைச்சேனைத் துறையில் மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒருவரிடம் வானைக் கொண்டுபோய் விட்டேன். அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே நிறம்தான். கண்ணைக் குத்தும் அந்த நீலத்தில் வானைக் கண்ட ஊர்க்காரர்கள், "வள்ளம் றோட்டால வருது டோய்!" என்று கத்தினார்கள். சிரித்தவர்கள் பிறகு ஏறினார்கள்.

டொக்டர் என்றாலும் அந்த அம்மா ஊசி போடும் டொக்டர் இல்லை, உளவியலாளர். அதை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தியே எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டு வந்தவர்களையும் அவர் இருத்தி வைத்துக் கதைப்பார். நோவு அப்படியே இருக்க, ஆள் இலேசாகிப் போகும். மனித உரிமை வேலையும் அவருடையதுதான். காணாமற்போனவர்களுக்காகக் கொழும்புவரை போய் வாதாடுவார். அலுவலகம் என்று ஒன்று இருந்தும் அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. படியேறுகிறவர்களை எதிர்க்கடையில் இருந்து யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் சந்தைக்கு வந்த பெண்ணை வழியில் ஏற்றுவதுபோல ஏற்றி, வாவியோரமாக வானை ஓட்டச் சொல்வார். ஓடும் வான்தான் அவருடைய கிளினிக். பின்னால் கதைப்பது கேட்காமலிருக்க நான் கிரிக்கெட் வர்ணனையைச் சத்தமாகப் போட்டுக்கொள்வேன். மற்றவர்கள் அழும் நேரத்திலெல்லாம் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதன் இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

வாகரையில் ஒரு அக்கா இருந்தார். வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்த மகனை அவர் கண் முன்னாலேயே கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்களின் முகம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மாதக்கணக்காக வானில் ஏறி வந்தும், மகனுக்கு என்ன கறி பிடிக்கும், எப்படி நீந்துவான் என்பதற்கு மேல் அவர் போனதில்லை. ஒருமுறை விசாரணைக் குழு ஒன்று பட்டணத்துக்கு வந்தது. அவர் சாட்சி சொன்னால் வழக்கு நிலைக்கும் என்று சட்டத்தரணிகள் டொக்டரை நெருக்கினார்கள். டொக்டரும் சம்மதம் வாங்கியிருந்தார். அன்று காலை நல்ல சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி அக்கா வந்து ஏறினார்.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையை நெருங்கும்போது பின்னால் ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். அக்கா இரண்டு கைகளாலும் கதவுப் பிடியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னா அவங்க எழுதுவாங்க டொக்டர். எழுதினா மகன்ட கதை அதோட முடிஞ்சுபோகும். மறுகா எனக்கு ஆரு இருக்கா?"

டொக்டர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். றோட்டையே பார்த்தபடி இருந்தார். அவருக்குள் இருந்த இரண்டு உத்தியோகங்களும் அந்த நேரம் என்ன சண்டை பிடித்தனவோ, எனக்குத் தெரியாது.

"தம்பி, வானைத் திருப்புங்க."

"டொக்டர், அங்க பார்த்துக்கொண்டு இருக்காங்களே…"

"திருப்புங்க எண்டன்."

வழக்கு நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு சட்டத்தரணிகள் அவரை அழைப்பதைக் குறைத்தார்கள். பயந்துவிட்டார் என்றார்கள், விலைபோய்விட்டார் என்றும் சிலர் சொன்னார்கள். கூட்டங்களில் அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாகவே கிடக்கும். நான் போய் அதில் உட்கார்ந்து ஏதாவது பகிடி விடுவேன். அவர் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி, எனக்காக. ஊரெல்லாம் தன் துயரத்தை அவரிடம் சொல்லிவிட்டுப் போயிற்று. அவர் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஒரே ஒரு நாள், கேட்காமலே சொன்னார்: "அவ தானா சொல்ல வாற நேரம் நான் இருக்கணும் தம்பி. அதுக்காகத்தான் திருப்பினது."

திட்டங்கள் முடிந்து காசும் நின்றபோது வானை என்னிடம் தந்துவிட்டு, வாவிக்கரை வீட்டில் தனியாக இருந்துவிட்டார். மாதம் ஒருமுறை வாகரைக்குப் போவதை மட்டும் விடவில்லை. நான் அந்த நீல வானில் கலியாணங்களுக்கு வாடகைக்கு ஓடுகிறேன். மாப்பிள்ளைமார் முகம் சுளிப்பார்கள். சென்ற மாரியில் அப்படி ஒரு கலியாண வீட்டில் மூன்றாந்தரம் சோறு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் டொக்டரின் செய்தி வந்தது. காலையில் தேத்தண்ணி கொண்டுபோன பக்கத்து வீட்டுப் பிள்ளை கண்டிருக்கிறது.

செத்தவீடு முடிந்ததும் வாகரைக்குப் போனேன். அக்கா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். நன்றாகக் கிழண்டிப்போயிருந்தார்.

"டொக்டர் எங்க மனே? இறங்கல்லியா?"

சொன்னேன். அவர் கையில் இருந்த மீனைக் காயப்போடும் பரணில் வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார்.

"தனியாவா கிடந்தா?"

"ஓம் அக்கா."

"நான் நேரத்தோட சொல்லியிருக்கலாம் அவவிட்ட" என்றார். பிறகு தானாகவே நடந்துவந்து வானில் ஏறி, வழக்கமாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்தார். "எடு மனே. நீயெண்டாலும் கேளு."

கடலோரமாக மெதுவாக ஓட்டினேன். அன்று நான் வர்ணனை எதுவும் போடவில்லை. யார் வந்தார்கள், எத்தனை பேர், யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, மகன் திரும்பிப் பார்த்து என்ன சொன்னான், எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது சொல்லவேண்டிய இடத்தில் அவர் சொல்லட்டும். இறங்கும்போது கேட்டார்:

"இனி எங்க போய்ச் சொல்லணும்? கூட்டிப்போவியா?"

"திங்கக்கிழமை வாறன் அக்கா."

"வெள்ளெண வா. அண்டைக்குப் போல பாதியில திருப்பிறல்ல, சொல்லிப்போட்டன்."

தனியாகத் திரும்பினேன். என்னிடம் எப்போதும் ஒரு பகிடி இருக்கும். அன்று தேடியும் அகப்படவில்லை. பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறியதும் கண்ணாடியைச் சரிசெய்து பின்சீற்றைப் பார்த்தேன்.

"டொக்டர்," என்றேன், சத்தமாகவே. "அவ வாறாவாம்."