லங்காவியில் ஒரு படகை ரிவர்ஸ் எடுத்த கதை

எட்டு வருடமாகப் பெங்களூரில் கார் ஓட்டுகிறேன். இன்றுவரை ஒருநாள்கூட என்னை யாரும் நிம்மதியாக ரிவர்ஸ் எடுக்க விட்டதில்லை. அடுகோடிப் பகுதியில் எங்கள் தெரு குறுகலானது. நான் வண்டியைப் பின்னால் எடுக்க ஆரம்பித்தால் இஸ்திரிக்கார அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வருவார். எதிர்வீட்டு மாமா மாடியிலிருந்து கை காட்டுவார். பக்கத்து சீட்டில் என் கணவர் இல்லாத பிரேக்கை மிதிப்பார். இதற்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

இந்த பிப்ரவரியில் நாங்கள் நான்கு பேர் மலேசியாவின் லங்காவிக்குப் போய், முப்பத்தெட்டு அடி நீளமுள்ள, இரட்டை உடல் கொண்ட ஒரு கட்டமரான் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்தோம். தீவு தீவாகச் சுற்றுவது திட்டம். கூலிக்குக் கேப்டன் வைத்துக்கொண்டால் சுலபம்தான். ஆனால் நாமே ஓட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். விண்ணப்பத்தில் கேப்டன் என்ற இடத்தில் ஹேமா என்று என் பெயரை எழுதினேன்.

மற்ற மூவரையும் சொல்லிவிடுகிறேன். வித்யா என்னோடு வேலை பார்ப்பவள். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் குடும்பம். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பாள். பிரபு கிருஷ்ணகிரிக்காரன், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இயந்திரம் எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். ஜெரோம் விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவன், அதிகம் பேசாதவன். என் கணவருக்குப் படகு என்று சொன்னாலே குமட்டும் என்பதால் வீட்டிலேயே இருந்துகொண்டார்.

நால்வரும் மைசூர் பக்கம் ஒரு நீர்த்தேக்கத்தில் வாரக் கடைசிகளில் பாய்மரப் படகு கற்றுக்கொண்டவர்கள். சான்றிதழும் வைத்திருந்தோம். 'கட்டுமரம்ங்கற வார்த்தையே நாம குடுத்ததுதான்' என்று பிரபு விமானத்தில் மார்தட்டினான். அவனுக்கு நீச்சல் வந்ததே போன வருடம்தான்.

பெங்களூரிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம், அங்கிருந்து லங்காவி ஒரு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து படகுத் துறைக்கு டாக்சியில் அரை மணி. வாடகை நிறுவனத்தின் விதி ஒன்று உண்டு. முதல் இரண்டு நாள் அவர்களுடைய ஆள் கூடவே வருவார். நம் ஓட்டத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டால் இறங்கிக்கொள்வார். இல்லையென்றால் கடைசி நாள்வரை கூடவே இருப்பார், அதற்குத் தனிக் கட்டணம். கட்டணம் போனால் போகட்டும். மலேசியாவரை வந்தும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எனக்கு வழி சொல்வதா? அதுதான் என் கவலை.

எங்களுக்கு வாய்த்தவர் தேவி, முப்பது வயதிருக்கும். மலேசியத் தமிழர், பேச்சோடு பேச்சாக 'லா' போடுபவர். 'பசியாறிட்டீங்களா?' என்று கேட்டுக்கொண்டே படகில் ஏறினார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். அவ்வளவு இனிமையாகக் கேட்டவர் அடுத்த நிமிடமே கறாராகிவிட்டார். நங்கூரம் எங்கே, தீயணைப்பான் எங்கே, லைஃப் ஜாக்கெட் எங்கே என்று ஒவ்வொருவரையும் எழுப்பி எழுப்பிக் கேட்டார். பள்ளிக்கூட வைவா தோற்றது.

முதல் நாள் காற்று தென்றலாக இருந்தது. பாயை ஏற்றி இன்ஜினை அணைத்ததும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதற்காகவே நீங்கள் போகலாம். பச்சைத் தண்ணீர், சுண்ணாம்புப் பாறைத் தீவுகள், தலைக்கு மேலே பருந்துகள். படகைத் திருப்புவதும் வளைப்பதும் நன்றாகவே வந்தன. தேவி தலையாட்டினார். நான் மனதுக்குள் அவரை இறக்கியே விட்டேன்.

சாயங்காலம் துறைக்குத் திரும்பியபோதுதான் சனியன் பிடித்தது. படகைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் இரண்டு மிதவை மேடைகளுக்கு நடுவே நிறுத்த வேண்டும். எங்கள் ஏரிப் படகுகளுக்கு இன்ஜினே கிடையாது, ரிவர்ஸுக்கு எங்கே போவது? இதிலோ இரண்டு இன்ஜின்கள், பக்கத்துக்கு ஒன்று. ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ளினால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். அகலம் இருபது அடிக்கு மேல். எங்கள் தெருவில் வைத்தால் இரண்டு பக்கச் சுவரும் போய்விடும். ஓட்டுகிற இடம் ஒரு ஓரமாக இருப்பதால் எதிர்ப்பக்கப் பின்மூலை எனக்குத் தெரியாது. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

சொன்னார்கள். மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

'பர்லி, பர்லி, பர்லி!' என்று, வரட்டும் என்பதைக் கன்னடத்தில் சொல்லி வித்யா கையை வீசினாள்.

'லெஃப்ட்ல ஒடி! ஃபுல்லா ஒடி!' என்று பிரபு கத்தினான்.

'நில்லு, நில்லு, நில்லு!' என்று ஜெரோம்கூட வாயைத் திறந்தான்.

பக்கத்துப் படகில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து அவரும் கை காட்ட ஆரம்பித்தார். நான் யாரைப் பார்ப்பது? இடமா, வலமா, நிற்கவா? பக்கக் காற்று அதற்குள் படகைக் குறுக்கே தள்ளிவிட்டது. படகின் ஓரத்தில் தொங்கும் தடுப்புப் பந்து மேடையில் மோதி 'பொத்' என்று ஒரு சத்தம். தேவி ஒரு வார்த்தை பேசாமல் வந்து என் கையிலிருந்து இன்ஜின் பிடிகளை வாங்கி, படகை அலுங்காமல் உள்ளே தள்ளிவிட்டார்.

'இந்தப் படகுல கேப்டன் எத்தன பேரு?' என்று கேட்டார்.

மறுநாள் சாயங்காலமும் அதே கூத்து. இந்த முறை மெதுவாகப் பேசுவது என்று முடிவு செய்திருந்தார்கள். மூன்று பேரும் மெதுவாகப் பேசினார்கள். கடைசி நிமிடத்தில் பிரபு பொறுக்க முடியாமல் பாய்ந்து வந்து என் கைக்கு மேலே கை வைத்து இன்ஜினைத் தள்ளினான். மறுபடியும் 'பொத்'.

'நாளைக்குக் காலையில ஒரு தடவ பாப்போம்' என்றார் தேவி. 'சரியா வரலன்னா நான் கூடவே வர்றேன்லா. தப்பா நெனைக்காதீங்க, படகுக்கு நான் பொறுப்பு.' தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தால் மறுநாள் வாய்ப்பே கொடுத்திருக்க மாட்டேன்.

அன்றைக்கு எலுமிச்சைச் சாதமும் அப்பளமும் செய்திருந்தோம். தட்டை வைத்துவிட்டுக் கொட்டித் தீர்த்தேன். 'ஊர்லதான் தெருவே என் வண்டிய ஓட்டுது. இங்கயும் அதேவா? நான் இடிச்சாலும் நானே இடிக்கறேன், விடுங்களேன்!' அழுகையும் வந்துவிட்டது. கோபத்தில் வரும் அழுகை கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும்.

வித்யாதான் முதலில் பேசினாள். 'சாரிடீ. ரிவர்ஸ் வண்டியப் பாத்தா கை தானா எந்திரிச்சுடுது. நம்ம ஊரு பழக்கம்.'

பிரபு இன்னொரு அப்பளத்தை எடுத்து நொறுக்கினான். ஜெரோம்தான் யோசித்துச் சொன்னான். 'எங்க தெருவுல வியாழக்கிழமை சர்ச்சுக்குக் கூட்டம் வரும்ல. நவநாள் ஜெபத்துக்கு. சின்ன வயசுல நாங்கதான் கார உள்ள விடுவோம். பத்து பேரு கத்துவாங்க. ஆனா நல்ல டிரைவர் ஒருத்தனத்தான் பாப்பான். மிச்சப் பேர் கத்தறது காதுல விழாது.' தட்டைக் கீழே வைத்து, 'உனக்குத் தெரியாத அந்தப் பின்மூலையில நான் நிக்கறேன் ஹேமா. வாயே தொறக்கல. கை மட்டும். அதுவும் எவ்ளோ தூரம் இருக்குன்னு மட்டும்தான். எந்தப் பக்கம் ஒடிக்கணும்ங்கறது உன் வேல' என்றான்.

நேரே மேலே தூக்கிய கை என்றால் நிறைய இடம். மடக்க மடக்க இடம் குறைகிறது. மூடிய முஷ்டி என்றால் நில். இவ்வளவுதான் மொழி. வித்யாவும் பிரபுவும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி மேடையை மட்டும் பார்ப்பது என்று ஏற்பாடு. பிரபு தன் வாயில் ஒரு பபிள்கம்மைத் திணித்துக்கொண்டான். பாதுகாப்புக்காம்.

காலையில் படகை வெளியே எடுத்துத் திரும்பியபோது காற்று முந்தைய நாளைவிடக் கொஞ்சம் அதிகம்தான். நான் ஜெரோமின் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கை மேலே இருந்தது. காற்று முன்பக்கத்தைத் தள்ளியதும் ஒரு இன்ஜினைத் தட்டி நேராக்கினேன். கை மெல்ல மடங்கியது. யாரும் பேசவில்லை. இரண்டு இன்ஜின்களின் முனகலையும் பிரபு பபிள்கம் மெல்லும் சத்தத்தையும் தவிர ஒன்றும் இல்லை. முஷ்டி மூடியது. நிறுத்தினேன். மேடைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழம் இடம். வித்யா கயிற்றை எடுத்துக்கொண்டு படியில் இறங்குவதுபோல் மேடையில் இறங்கினாள்.

தேவி தன் பையைத் தோளில் மாட்டினார். 'மூணு நாள் கழிச்சுப் பாப்போம்லா' என்று சொல்லி இறங்கிவிட்டார். அவ்வளவுதான். கைதட்டல் கிடையாது. அவர் மேடை முனையைத் தாண்டும்வரை கண்ணியமாக நின்றோம். அப்புறம் நாங்கள் போட்ட கூச்சலில் வெள்ளைக்காரர் மறுபடியும் டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த மூன்று நாளும் படகு எங்களுடையது. தெற்கே தயாங் புந்திங் தீவு. கடலிலிருந்து பத்து நிமிட நடையில், மலைகளுக்கு நடுவே ஒரு நன்னீர் ஏரி. உப்புத் தண்ணீரில் ஊறிய உடம்போடு அதில் விழுந்தது சொர்க்கம். படகுத்துறைக் குரங்குகள் வித்யாவின் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டன. அவள் கன்னடத்தில் திட்டினாள், அவை கண்டுகொள்ளவில்லை. தீவுகளுக்கு நடுவே, ஆற்றைப்போல் ஒடுங்கிய ஒரு கால்வாயில் நங்கூரம் போட்டுத் தங்கினோம். நங்கூரம் போடுவதற்கும் அதே கைமொழிதான்.

ஒரே ஒரு இடத்தில் ஆபத்து எட்டிப் பார்த்தது. மேற்கே போகும்போது இரண்டு தீவுகளின் இடைவெளியிலிருந்து காற்று திடீரென்று பாய்ந்தது. காற்றுமானியில் பன்னிரண்டு நாட், அதாவது மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல், என்றிருந்தது கண்மூடித் திறப்பதற்குள் இருபத்து நான்கு. கட்டமரான் சாய்ந்து எச்சரிக்காது. பாரம் ஏறுவது தெரியாமலே ஏறும். பாயைச் சுருக்கியே ஆக வேண்டும். படகைக் காற்றுக்கு எதிரே திருப்பினேன். முன்பாய் படபடத்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. கத்தியிருந்தால் தொலைந்திருப்போம். பாய்மரத்தடியில் ஜெரோம் கையைத் தூக்கினான். அதைப் பார்த்து வித்யா கயிற்றைத் தளர்த்தினாள், பிரபு கைப்பிடியைச் சுற்றினான், பாய் இறங்கிச் சுருங்கியது. மறுபடி திருப்பினேன். படகு மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாக ஓட ஆரம்பித்தது. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிப்பு வந்தது. அந்த நிமிடத்தில் என்னை உலகத்தில் எந்தப் பதவிக்குக் கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

கடைசி நாள் மதியம் துறைக்குள் நுழைந்தபோது தேவி எங்கள் மேடையில் நின்றிருந்தார். பக்கக் காற்று வழக்கம்போல் காத்திருந்தது. நான் பின்னால் எடுக்க ஆரம்பித்ததும் அவர் கை பாதி உயர்ந்ததைப் பார்த்தேன். பிறகு அதை இறக்கி, இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். ஜெரோமின் முஷ்டி மூடியது. படகு நின்றது. சத்தமே இல்லை.

'என்ன தேவி, கயிறு வாங்கக்கூட வரலயே?' என்று பிரபு வம்புக்கு இழுத்தான்.

'சரியா வர்ற படகுக்கு எதுக்குலா கை காட்டணும்?' என்றார்.

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள், மழை குறைவு, காற்று உண்டு. படகு, விமானம், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆனது. முன்கூட்டியே எடுத்தால் குறையும். அரிசி, பருப்பு அங்கேயே கிடைக்கிறது, புளிக்காய்ச்சல் மட்டும் கொண்டுபோங்கள். குமட்டல் மாத்திரையைக் குமட்டுவதற்கு முன்பே போடுங்கள். ஏரியில் கற்றவர்கள் இன்ஜின் படகில் ரிவர்ஸ் எடுப்பதற்கென்றே ஒரு வாரக் கடைசியை ஒதுக்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கை காட்ட ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவர்கள் பபிள்கம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய வார இறுதியில் நால்வரும் வெளியே சாப்பிட்டுவிட்டு என் காரில் எங்கள் தெருவுக்கு வந்தோம். வீட்டு வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு சந்து. ரிவர்ஸ் போட்டேன். எதிர்வீட்டு மாமா மாடியில் எழுந்து நின்றார். இஸ்திரிக்கார அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தார். காருக்குள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வித்யா போனில் குரங்கு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபு தூங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணன் ஜன்னல் வழியாக ஜெரோமைப் பார்த்துப் பதறினார். 'ஏன் சார், யாராச்சும் இறங்கிப் பாக்க வேணாமா? மேடம் ரிவர்ஸ் எடுக்கறாங்க!'

'சரியா வர்ற வண்டிக்கு எதுக்குண்ணா கை காட்டணும்?' என்றான் ஜெரோம்.

அண்ணன் தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். நான் ஒரே எடுப்பில் உள்ளே விட்டு இன்ஜினை அணைத்தேன்.