வலது கை தெரியாத வீடியோ

குகனேஸ்வரன் வீட்டிலிருந்து வரும் சத்தத்துக்கு அந்தத் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் பழகிப்போயிருந்தார்கள். கொசு ரீங்காரம் போல ஆரம்பித்து, மெல்லப் பெருத்து, வயலினா கிட்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றாக அது நீளும். வெயில் நாளில் கேட்க நன்றாக இருக்கும். பனி இறங்கிவிட்டால் வெறும் இரைச்சல்தான். "இன்னிக்கு அண்ணனுக்குச் சரியா அமையல போல" என்று பக்கத்து வீட்டுச் சீதா துணி காயப்போட்டபடி சொல்வாள். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த எஸ்டேட் கம்போங் ராஜா என்ற ஊருக்கு மேலே மலையில் இருக்கிறது. குகனேஸ்வரன் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தவர். வாலிபத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ரிதுவான் டிரம்ஸ் அடிப்பான். இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு மலை முழுக்கக் கல்யாண வீடுகளில் வாசித்தார்கள். பிறகு ஒரு மழை நாளில், கரண்டு போயிருந்த நேரத்தில், இலை வாட்டும் கூடத்து விசிறியின் பெல்ட்டைப் பார்க்கக் கையை விட்டார். கரண்டு திரும்பி வந்தது. வலது கையில் நான்கு விரல்கள் போயின. பெருவிரல் மிஞ்சியது, ஆனால் மடங்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். உரமும் மழைக்கோட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. கிட்டார் அலமாரிக்கு மேலே போனது.

இடது கைக்கு எதுவும் ஆகவில்லை. அதுதான் தொல்லையாக இருந்தது. டீவி பார்க்கும்போதும் அந்த விரல்கள் நாற்காலிக் கையில் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும். அவர் மனைவி பூவிழி முதலில் அதைப் பார்த்து அழுதாள். பிறகு டீவியையே பார்க்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு வருடம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்து இசைக்குழு ஒன்று வந்தது. வயரிங் பார்க்கிற இடத்தில் குகனேஸ்வரன் நின்றிருந்தார். குழுக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒருவன் தன் கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியில் சாய்த்துவிட்டு, அணைக்காமல் போய்விட்டான். யாரும் தொடாமலே அதன் கம்பிகள் அதிர ஆரம்பித்தன. சத்தம் ஊளையாகக் கிளம்பியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். குகனேஸ்வரன் மட்டும் அந்தக் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மீட்ட ஆள் இல்லாமலே கம்பி அதிர்கிறது. அப்படியென்றால் வலது கை எதற்கு?

அன்றிலிருந்து வீட்டில் அடுக்களை மேசை அவருடையதாகிவிட்டது. எரிந்துபோன விசிறி மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியைப் பிரித்து எடுத்துச் சுருளாகச் சுற்றினார். உடைந்த ஸ்பீக்கரின் காந்தம், பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்குள் இருந்த பலகை, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடைத்தார். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் காலால் மிதிக்க ஏதாவது வேண்டியிருந்தது. பூவிழியின் தையல் மெஷின் பெடல் அதற்குப் போயிற்று. ஒற்றைக் கையால் சுருள் சுற்றுவது லேசான காரியமில்லை. பாதியில் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. இப்படியே வருடங்கள் போயின. கடைசியில் ஒரு நாள், கிட்டாரின் மேல் அந்தச் சுருளைப் பொருத்திவிட்டு இடது கையால் ஒரு கம்பியை அழுத்தினார். அது தானாக எழுந்து நின்று பாடியது. பெடலிலிருந்து காலை எடுக்கும்வரை நிற்கவே இல்லை. அன்று பூவிழி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இதை உலகத்துக்குக் காட்டலாம் என்று சொன்னது ரிதுவான்தான். கிட்டார்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிற ஓர் இணையக் குழுவில் அவனும் உறுப்பினன்.

"உலகத்துல எவனும் இப்படிச் செஞ்சிருக்க மாட்டான் லா. போட்டுப் பார்ப்போம்."

"போடு. ஆனா இந்தக் கை தெரியக் கூடாது."

"ஏன்?"

"தெரியக் கூடாதுன்னா தெரியக் கூடாது."

ரிதுவான் கைப்பேசியைக் கிட்டே பிடித்து, இடது கையும் கம்பிகளும் பிஸ்கட் டின்னும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தான். குகனேஸ்வரன் பழைய கல்யாண வீட்டு மெட்டு ஒன்றை நிதானமாக வாசித்தார். நன்றாக அமைந்தது.

எஸ்டேட்டில் ஸ்டோருக்குப் பின்சுவரோரம் நின்றால்தான் இணையம் கிடைக்கும். மறுநாள் உரம் எடுக்க வந்தவர்களை அனுப்பிவிட்டு அங்கே போய் நின்றார். ஆங்கிலத்திலும் மலாயிலும் கருத்துகள் வந்து குவிந்திருந்தன. முதலில் சிரிப்பு முகங்கள். பிஸ்கட்டை என்ன செய்தாய் என்று ஒருவன் கேட்டிருந்தான். கம்பிகளுக்கு இப்படி ஈயப்பற்று வைத்தால் வீடு எரியும் என்று இன்னொருவன். அது உண்மைதான் என்று குகனேஸ்வரனுக்கே தெரியும். எந்தக் காந்தம் நல்லது என்பதைப் பற்றி இரண்டு பேர் இவரை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். அழகாக இருக்கிறது என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். அவற்றை அவர் மறுபடி படித்தார்.

அதற்குக் கீழேதான் அது இருந்தது. யாரோ ஒருவர் கோபமில்லாமல், கேலியும் இல்லாமல் எழுதியிருந்தார்: இது புதிது இல்லை, நண்பரே. பல பத்தாண்டுகளாகக் கடையில் விற்கிறது. கூடவே படம். உள்ளங்கையில் அடங்குகிற, பளபளப்பான ஒரு சின்னக் கருவி. அதற்குள் இருப்பதும் சுருளும் காந்தமும்தான்.

குகனேஸ்வரன் ஸ்டோருக்குள் வந்து உரமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மூட்டை எடுக்க வந்த நேப்பாளப் பையன்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் பூவிழியிடம் சொன்னார். அவள் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையில விக்கிதாம்."

"எது?"

"இதுதான். நான் செஞ்சது. எப்பவோ எவனோ செஞ்சிட்டான்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

"வாங்கியிருப்பேன்."

"அப்ப என் தையல் மெஷினாவது மிஞ்சியிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. தைலப் புட்டியை மூடிவிட்டு, "அவன் கண்டுபிடிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களாத்தானே செஞ்சீங்க" என்றாள். அது ஆறுதல்தான். ஆனால் அவருக்கு அதை வாங்கி வைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

அந்த வாரம் குழுவில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. வலது கை ஏன் தெரியவில்லை என்று ஒருவன் கேட்டான். அதைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் வந்தார்கள். வீடியோவுக்கு வெளியே கையை வைத்து ரகசியமாக மீட்டுகிறான், சத்தத்தைத் தனியாகச் சேர்த்திருக்கிறான், ஏமாற்று வேலை. குகனேஸ்வரன் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றுவதற்குள் வேலை வந்துவிடும், வேலை முடியும்போது எழுதத் தோன்றாது.

ரிதுவானுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதிப் போட்டுவிட்டான். இந்த மனுசனுக்கு வலது கையில் விரல் இல்லை, அதனால்தான் இதைச் செய்தார், உங்களுக்கெல்லாம் வெட்கமாக இல்லையா என்று. குகனேஸ்வரன் மருத்துவமனையில் இருந்தபோது எடுத்த பழைய படத்தையும் சேர்த்திருந்தான்.

ஒரே நாளில் எல்லாம் மாறியது. சிரிப்பு முகங்கள் இருந்த இடத்தில் அழுகை முகங்கள். ஏமாற்று என்று சொன்னவன் மன்னிப்புக் கேட்டான். பிஸ்கட்காரன் இதயம் போட்டான். வீரர், முன்மாதிரி, நாங்கள் எல்லாம் இருந்து என்ன பயன் என்று எழுதினார்கள். காந்தத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மெட்டு அழகாக இருக்கிறது என்றவர்கள்கூட இப்போது கையைப் பற்றித்தான் எழுதினார்கள்.

குகனேஸ்வரன் பஸ் பிடித்துத் தானா ராத்தாவுக்குப் போனார். வழியில் கோலா தெர்லா முழுக்கக் காய்கறி லாரிகள் நின்றதில் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விட்டது. ரிதுவான் அவரைப் பார்த்ததும் டீ கலக்கிக் கொண்டுவந்து வைத்தான். அவர் தொடவில்லை.

"கேட்டிருக்கணும் லா நீ."

"கேட்டா வேணாம்னு சொல்வே."

"ஆமா. சொல்வேன்."

"அவனுங்க உன்னைத் திருடன்னு சொன்னானுங்க குகா. நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

"திருடன்னு சொன்னப்பகூட வாசிப்பைக் கேட்டுத்தான் சொன்னானுங்க. இப்ப எவன் கேக்குறான்?"

ரிதுவான் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே துடைத்த மேசை அது. "அழிச்சிடவா?" என்றான். "அழிச்சா மட்டும் மறந்துடுவானுங்களா" என்றார் குகனேஸ்வரன். டீ ஆறியபின் குடித்தார். கோபம் இருந்தது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி மலையேற அவருக்குச் சக்தியில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு மகேன் என்று ஒருவன் வந்தான். கோலாலம்பூரில் இருந்துகொண்டு, சாதித்த சாதாரண மனிதர்களைப் பற்றி வீடியோ போடுகிறவன். போனில் அவ்வளவு மரியாதையாகப் பேசியதால் குகனேஸ்வரனுக்கு மறுக்க வரவில்லை. பூவிழி கோழி சமைத்தாள். மகேன் வாய் நிறையப் பாராட்டிச் சாப்பிட்டான். கெட்டவன் இல்லை. சாப்பிட்டபின் கேமராவை நிறுத்தி, வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் குகனேஸ்வரனை உட்கார வைத்தான்.

"அண்ணே, கையைக் கொஞ்சம் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே மெல்லத் திருப்புங்க."

அவர் திருப்பினார். பூவிழி உள்ளே போய்விட்டாள்.

"சூப்பர் அண்ணே. இப்ப வாசிங்க."

பனி இறங்கியிருந்தது. டின்னுக்குள்ளிருந்து இரைச்சல் வந்தது. கனமான கம்பிகள் ஏதோ ஒப்புக்கு முனகின. மெல்லிய கம்பி எழவே இல்லை. அழுத்தினார், பெடலை மிதித்தார், டின்னைத் திறந்து ஊதினார். மகேன் பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு கேமராவைப் பார்த்தபடியே சொன்னான்: "பரவால்ல அண்ணே. நீங்க சும்மா விரலை மட்டும் ஓட்டுங்க. சவுண்டு நான் பிற்பாடு வேற போட்டுக்கறேன். யாருக்கும் தெரியாது."

குகனேஸ்வரன் காலைப் பெடலிலிருந்து எடுத்தார்.

"வேற சவுண்டா?"

"நல்லதா ஒண்ணு போட்டுடலாம் அண்ணே. மக்கள் உங்க கதைக்காகத்தான் பாக்குறாங்க."

"ஏமாத்து வேலைன்னு எழுதினாங்களே தம்பி, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் அண்ணே. அதெல்லாம் கண்டுக்காதீங்க."

"நீங்க வேற சவுண்டு போட்டா அவங்க சொன்னது சரியாயிடும்."

மகேன் கேமராவை நிறுத்தினான். வேறு நாள் வருகிறேன், வெயில் இருக்கும்போது எடுக்கலாம் என்றான். குகனேஸ்வரன் பிளக்கைப் பிடுங்கினார். "கையை எடுத்தீங்களே, அதையும் அழிச்சிடுங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. மகேன் அவர் முன்னாலேயே அழித்தான். போகும்போது பூவிழி அவனுக்கு ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தனுப்பினாள். வந்தவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவள் கணக்கு.

மகேன் திரும்பி வரவில்லை. அந்தக் குழுவும் நகர்ந்துவிட்டது. யாரோ ஒருவன் மண்வெட்டியில் கிட்டார் செய்திருந்தான், எல்லோரும் அங்கே போனார்கள். ரிதுவான் ஒரு நாள் கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு எஸ்டேட்டுக்கு வந்தான். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லாமலே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, நாற்காலியில் தாளம் தட்டிவிட்டுப் போனான். பூவிழி அவனுக்கும் சோறு போட்டாள்.

பின்சுவரோரம் போய் நிற்கும் வழக்கத்தைக் குகனேஸ்வரன் விட்டிருந்தார். ஒரு மத்தியானம், மழைக்கு ஒதுங்கி அங்கே நின்றபோது கைப்பேசி சிணுங்கியது. அலோர் ஸ்டாரிலிருந்து ஃபௌசியா என்ற பெண் மலாயில் எழுதியிருந்தாள். அவளும் வீட்டில் இதையே செய்துகொண்டிருக்கிறாளாம். சுருளைக் கிட்டாரில் கம்பியின் ஒலியைப் பிடிக்கிற பிக்கப்புக்குப் பக்கத்தில் வைத்தால் கத்துகிறது, நீங்கள் எங்கே வைத்தீர்கள், எவ்வளவு தடிமனான கம்பி? அவ்வளவுதான். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடையில் விற்பதை ஏன் வாங்கவில்லை என்றும் இவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இடது பெருவிரலால் எழுத்து எழுத்தாகத் தேடிப் பதில் எழுதினார். தள்ளி வையுங்கள், கிட்டாரின் கழுத்துப் பக்கம். மழை நாளில் எனக்கும் இரைச்சல்தான். மெல்லிய கம்பி எனக்கு இன்னும் சரியாக எழுவதில்லை, ஏன் என்று தெரியவில்லை.

சில வாரங்கள் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு ஒலிப்பதிவு வந்தது. கைப்பேசியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். மெல்லிய கம்பியின் ஒலிதான். இரைச்சலே இல்லாமல் எழுந்து, அசையாமல் நின்று, மெல்லத் தணிந்தது. அவருடையதைவிட நன்றாக இருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

ஸ்டோர் வாசலில் செடிக்கு மருந்தடிக்கிறவர்கள் முகமூடி கேட்டுக் கூப்பிட்டார்கள். "வர்றேன் லா" என்று குரல் கொடுத்துவிட்டு, எப்படிச் செய்தீர்கள் என்று அவளைக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.